ஒரே நிலம், ஐந்து கேமராக்கள்: நிலக்காட்சிப் படக்காரர்கள் கூடிப் பழக ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு குன்றை நீங்கள் தனியாகப் பத்து முறை படம் எடுத்தால், பத்துப் படத்திலும் குன்று இருக்கும். கூடவே நீங்களும் இருப்பீர்கள். ஓரத்தில் ஒரு மரத்தை நிறுத்துவது, அடிவானத்தைக் கொஞ்சம் கீழே தள்ளுவது, மேகம் வந்தால் மட்டும் கேமராவைத் தொடுவது என்று ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் உண்டு. படத்தில் தெரிவது குன்றின் குணமா, உங்கள் பழக்கமா என்று தனியாக இருக்கும்வரை பிரித்துப் பார்க்க முடியாது. அதே காலையில் அதே குன்றின் முன் வேறு நான்கு பேர் எடுத்த படங்களை உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். ஐந்திலும் வருவது நிலத்துடையது. ஒன்றில் மட்டும் வருவது அதை எடுத்தவருடையது.

கூட்டாகப் பழகுவதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை. வார இறுதியில் இருபது பேர் சேர்ந்து போய், ஆளுக்கு முந்நூறு படம் எடுத்துத் திரும்பும் போட்டோ வாக் வேறு; அதில் நட்பு வளரும், நிலம் பழகாது. இங்கே சொல்லப்போவது ஒரே இடத்துக்கு ஓராண்டு திரும்பத் திரும்பப் போகும் சிறு குழுவுக்கான முறை. மாற்றாமல் வைக்கக்கூடியதை எல்லாம் மாற்றாமல் வைத்து, பார்வையை மட்டும் மாறவிடுவதுதான் இதன் அடிப்படை. கீழே வரும் விதிகளில் சில கெடுபிடியாகத் தோன்றலாம். எல்லாமே அந்த ஒரு காரணத்துக்காக வைத்தவை.

எத்தனை பேர், எப்படிப்பட்டவர்கள்

நான்கிலிருந்து ஆறு பேர். மூன்று பேர் என்றால் ஒருவர் வராத நாளில் ஒப்பிடுவதற்கு இரண்டு படம்தான் மிஞ்சும். இரண்டை வைத்துக்கொண்டு எது பொது, எது தனி என்று சொல்ல முடியாது. ஏழுக்கு மேல் போனால் படங்களைப் பேசி முடிக்க ஒரு மாலை போதாது, பேச்சு அவசரமாகிவிடும். ஐந்து நல்ல எண்ணிக்கை.

திறமை சமமாக இருக்க வேண்டியதில்லை. வேகம் ஒத்துப்போக வேண்டும். ஒருவர் ஒரே கல்லின் முன் ஒரு மணி நேரம் உட்காருவார், இன்னொருவர் அதற்குள் மூன்று கிலோமீட்டர் நடந்துவிடுவார் என்றால், நான்காவது மாதத்தில் யாராவது ஒருவர் வருவதை நிறுத்திவிடுவார். விலையுயர்ந்த கேமரா எவருக்கும் அவசியமில்லை. ஆளுக்கொரு ஒற்றைக் குவியத்தூர லென்ஸ் (ஜூம் இல்லாதது), அல்லது ஜூம் லென்ஸில் டேப் ஒட்டி நிறுத்திய ஒரே குவியத்தூரம் இருந்தால் போதும். முழு ஃப்ரேம் (36×24 மி.மீ. சென்சார்) கணக்கில் 35 மி.மீ. அல்லது 50 மி.மீ. என்று குழுவே ஒன்றை முடிவு செய்யுங்கள். அதைவிட 1.5 மடங்கு சிறிய சென்சார் உள்ள கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் ஏறத்தாழ 52 மி.மீ. அளவுக்குப் பார்க்கும், அந்த மாற்றத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பது

முதல் தவறு பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது: எல்லோருக்கும் பிடித்த, ஏற்கெனவே ஆயிரம் முறை படமான ஓர் அருவியையோ மலைமுகட்டையோ தேர்ந்தெடுப்பார்கள். அங்கே போன ஐந்து பேரும் முன்பு பார்த்த படங்களைத்தான் திரும்ப எடுப்பார்கள். பார்த்ததும் ஈர்க்காத இடமே பழகுவதற்கு நல்லது. ஒரு ஓடைக்கரை, கைவிட்ட கல்குவாரி, வயலும் காடும் சந்திக்கும் ஓரம், நகர எல்லையில் இன்னும் கட்டடம் ஏறாத ஒரு மேடு என்று எதுவாகவும் இருக்கலாம்.

பார்க்க வேண்டியவை இவை:

- எல்லோருடைய வீட்டிலிருந்தும் 40 நிமிடத்துக்குள் போய்ச் சேர வேண்டும். தூரம் கூடினால் வானிலை மோசமான நாளில் யாரும் கிளம்ப மாட்டார்கள். படம் கிடைப்பதோ பெரும்பாலும் அந்த நாளில்தான்.
- ஒரு கிலோமீட்டருக்கு ஒரு கிலோமீட்டர் அளவு போதும். அதைவிடப் பெரிதானால் பழகுவதற்குள் ஆண்டு முடிந்துவிடும்.
- கிழக்கிலும் மேற்கிலும் அடிவானம் எங்காவது ஓரிடத்திலாவது திறந்திருக்க வேண்டும்.
- குறைந்தது இரண்டு விதமான தரை வேண்டும்: நீரும் மண்ணும், பாறையும் புல்லும், உழுததும் உழாததும்.
- யாருடைய நிலம், அதிகாலையில் போக அனுமதி உண்டா என்பதை முதல் நாளுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆறாவது மாதத்தில் விரட்டப்பட்டால் அதுவரை செய்ததெல்லாம் பாதியில் நிற்கும்.

கிளம்பும் முன் ஒருமுறை செய்ய வேண்டிய ஒழுங்கு

எல்லாக் கேமராக்களின் கடிகாரத்தையும் ஒரே கைபேசியை வைத்து நொடி பிசகாமல் சரிசெய்யுங்கள். கேமராக் கடிகாரம் மெல்ல நகரும் என்பதால் மாதம் ஒருமுறை திரும்பவும் சரிபார்க்க வேண்டும். இது சின்ன வேலைதான். ஆனால் இதைச் செய்யாத குழு, பின்னால் ‘இந்த இரண்டு படமும் ஒரே ஒளியில் எடுத்ததா’ என்ற கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் நிற்கும்.

ரா ஃபைலில், அதாவது கேமரா திருத்தாத மூல வடிவில் எடுங்கள். நிறச் சமநிலையை, அதாவது ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல், பகலொளிக்கான 5500 கெல்வினில் எல்லோரும் நிறுத்துங்கள். ராவில் பின்னால் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம், மாற்றலாம்தான். ஆனால் ஐந்து பேரும் ஒரே இடத்திலிருந்து தொடங்கினால்தான் யார் எதை மாற்றினார்கள் என்பது தெரியும். ஆட்டோவில் விட்டால் விடியலின் நீலத்தைக் கேமராவே ‘திருத்தி’ வெளுப்பாக்கிவிடும்.

ஃபைல் பெயர் ஆண்டு, மாதம், நாள், எடுத்தவரின் எழுத்து, எண் என்ற வரிசையில் இருக்கட்டும். ஆண்டு முன்னால் வந்தால் கணினி தானாகவே காலவரிசைப்படி அடுக்கிவிடும். மொத்தம் மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில், ஒன்று வேறு வீட்டில். குழுவாக இருப்பதால் அந்த ‘வேறு வீடு’ எளிதில் கிடைக்கும்.

முதல் மூன்று வருகை: கேமரா இல்லாமல்

கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு ‘இன்று எடுக்க மாட்டேன்’ என்று சொல்வது நடக்காது. வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். கையில் ஒரு அட்டை மட்டும் போதும். கெட்டியான கறுப்பு அட்டையில் 9 செ.மீ.க்கு 6 செ.மீ. செவ்வகத்தை வெட்டியெடுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அந்தத் துளை வழியாகப் பாருங்கள். கண்ணிலிருந்து அட்டை இருக்கும் தூரத்தை வைத்து எந்த லென்ஸ் எவ்வளவு பார்க்கும் என்று கணக்கிடலாம்: முழு ஃப்ரேம் குவியத்தூரத்தை இரண்டரையால் பெருக்கினால் மில்லிமீட்டரில் தூரம் வரும். 50 மி.மீ.க்குப் பன்னிரண்டரை செ.மீ., 100 மி.மீ.க்கு 25 செ.மீ., 200 மி.மீ.க்கு அரை மீட்டர். அட்டையில் ஒரு நூலைக் கட்டி, அந்தத் தூரங்களில் முடிச்சுப் போட்டு, நூல்நுனியைக் கன்னத்தில் வைத்துப் பிடித்தால் அளவு தவறாது. பத்து நிமிடத்தில் செய்துவிடலாம். இதைவிட நன்றாக ஃப்ரேம் பழக்கும் கருவி வேறில்லை.

முதல் வருகையில் எல்லைகளை நடந்து பார்த்து, ஆளுக்கொரு வரைபடத்தைக் கையால் வரையுங்கள். அளவு சரியாக இருக்க வேண்டாம். பின்னர் ஐந்து வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒருவர் தண்ணீரை மட்டும் குறித்திருப்பார், ஒருவர் பாதையை, ஒருவர் நிழலை. யார் எதைப் பார்க்கத் தவறுகிறார் என்பது கேமராவைத் தொடும் முன்பே வெளியாகிவிடும்.

இரண்டாவது வருகை வேறு பொழுதில். மூன்றாவது, மழை அல்லது மப்பு நாளில். குறிப்பெழுத மணிக்கணக்கை விடத் தமிழின் பழைய சிறுபொழுதுகள் கைகொடுக்கும்: வைகறை, விடியல், நண்பகல், எற்பாடு, மாலை, யாமம். எற்பாடு என்பது வெயில் சாய்ந்து மாலையாகும் முன்னுள்ள நேரம். பலர் ‘இன்னும் வெளிச்சம் வரட்டும்’ என்று வீணாக்குவது இந்தப் பொழுதைத்தான். ஆறு கட்டம் போட்டு, எந்தப் பொழுதில் யார் எத்தனை முறை போனோம் என்று குறித்துக்கொண்டே வாருங்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் பெரும்பாலும் இரண்டு கட்டம் நிரம்பி வழியும், நான்கு காலியாகக் கிடக்கும்.

வெயிலைக் கையால் அளப்பது

கையை நீட்டிப் பிடித்த முஷ்டியின் அகலம் ஏறத்தாழ 10 டிகிரி. ஒரு விரலின் அகலம் ஏறத்தாழ 2 டிகிரி. ‘அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே நான்கு விரல் என்றால் மறைய ஒரு மணி நேரம்’ என்ற கணக்கு எங்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எல்லா ஊருக்கும் அது பொருந்தாது. வானில் சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களில் அது கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குவதால் ஒரு முஷ்டி உயரம் வெறும் 40 நிமிடம், ஒரு விரல் 8 நிமிடம். 50 டிகிரி அட்சரேகையில் சாய்வாக இறங்கும். அங்கே மார்ச், செப்டம்பர் வாக்கில் அதே முஷ்டி ஒரு மணி நேரத்தைத் தாண்டும். அந்திவெளிச்சத்துக்கும் இதே கணக்குத்தான். சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 டிகிரி போகும்வரை உள்ள நேரம் நிலநடுக்கோட்டில் 20 நிமிடத்தைச் சற்றே தாண்டும்; 50 டிகிரியில் அரை மணிக்கு மேல் நீளும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய ‘ப்ளூ ஹவர்’ (அந்தியின் நீல வெளிச்ச நேரம்) அறிவுரையை நம்பி வெப்பநாட்டில் நிதானமாக ட்ரைபாட் விரித்தால் இருட்டுத்தான் மிச்சம்.

சூரியன் உதிக்கும் இடமும் நகரும். மார்ச், செப்டம்பர் மாதங்களின் சமநாளையொட்டி (பகலும் இரவும் சமமாகும் நாள்) அது நேர் கிழக்கில் உதித்து, வெப்பநாடுகளில் வாரத்துக்கு ஏறத்தாழ 3 டிகிரி வேகமாக இடம் மாறும். ஜூன், டிசம்பர் பிற்பகுதியில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் இருக்கும். குன்றின் பிளவு வழியாக ஒளி விழுவது போன்ற காட்சி சமநாள் சமயத்தில் இரண்டு மூன்று நாள்தான் கிடைக்கும், தவறவிட்டால் ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஜூனிலோ டிசம்பரிலோ அதே போன்ற காட்சிக்கு இரண்டு வாரம் அவகாசம் உண்டு. குழுவின் நாட்காட்டியை இதற்கேற்பப் போடுங்கள்: சமநாளையொட்டி வாரம் ஒருமுறை, மற்றபடி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை.

ஒரு காலை எப்படிப் போக வேண்டும்

1. சூரியன் உதிக்க 45 நிமிடம் முன்பு ஒரே இடத்தில் கூடுங்கள். தலைவிளக்கில் சிவப்பு ஒளி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். வெள்ளை ஒளி பட்டால் கண் மீண்டும் இருட்டுக்குப் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும்.
2. பத்து நிமிடம் பேச்சு. அன்றைய வேலையை ஒருவர் ஒரே வாக்கியத்தில் சொல்ல வேண்டும்: ‘இன்று வரப்பு மட்டும்’, ‘இன்று அடிவானம் இல்லாத படம்’. ஒவ்வொரு வாரமும் வேறொருவர் சொல்லட்டும்.
3. அடுத்த 20 நிமிடம் ஆளுக்கொரு இடத்தில் மௌனமாக உட்காருங்கள். கேமரா பைக்குள் இருக்கட்டும். ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இடையே குறைந்தது 50 மீட்டர்.
4. பிறகு 90 நிமிடம் படமெடுப்பு. ஆளுக்கு 12 ஃப்ரேம். 120 என்ற அகல ஃபிலிம் சுருளில் 6×6 செ.மீ. படமெடுக்கும் கேமரா தரும் எண்ணிக்கை இது. டிஜிட்டலிலும் இதே எண்ணிக்கையைக் கடைப்பிடியுங்கள். எக்ஸ்போஷர் (ஒளியளவு) தவறினால் அதுவும் கணக்கில் சேரும். அழிக்கக் கூடாது.
5. கடைசி 20 நிமிடம் குறிப்பேடு. எடுத்த 12இல் எது எதற்காக என்று திரையைப் பார்க்காமல் எழுதுங்கள். எடுக்காமல் விட்ட ஒன்றையும் எழுதுங்கள்.

அடுத்தவர் கேமராத் திரையை அன்று யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அடுத்த அரை மணியில் எல்லோரும் அந்தப் படத்தின் பக்கமாகச் சாய்ந்துவிடுவார்கள், அப்புறம் ஒப்பிட ஒன்றுமிருக்காது. இந்த ஒரு விதியைத்தான் எல்லாக் குழுக்களும் முதலில் மீறும்.

கூட்டுப் பயிற்சிகள்

வழக்கமான காலைகளுக்கு நடுவே மாதம் ஒருமுறை இவற்றில் ஒன்றைச் செய்யுங்கள்.

*ஒரு ட்ரைபாட், ஐந்து பேர்.* ஒரே கேமரா, ஒரே லென்ஸ், ஒரே ட்ரைபாட். கால்களை நகர்த்தக் கூடாது. தலைப்பகுதியை மட்டும் திருப்பலாம். ஒருவருக்கு 5 நிமிடம், ஒரு ஃப்ரேம். மற்றவர்கள் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். இதில் வரும் சிக்கல் ஒளி. முதல் ஆளுக்கும் ஐந்தாம் ஆளுக்கும் இடையே இருபது நிமிடம் கடந்துவிடுவதால், ஒளியின் மாற்றத்தை ஆளின் குணம் என்று தவறாக எண்ணிவிடலாம். அதற்காக இரண்டு சுற்று வையுங்கள், இரண்டாவது சுற்றைத் தலைகீழ் வரிசையில். ஒருவருடைய இரண்டு படமும் ஒளி மாறியும் ஒன்றுபோலவே இருந்தால், அது அவருடைய பழக்கம்தான், சந்தேகமே வேண்டாம்.

*சீட்டு.* ஒருவர் ஓரிடத்தில் ஒரு படமெடுத்து, அதைக் காட்டாமல் நாற்பது சொற்களில் எழுதி மற்றவரிடம் கொடுப்பார். ‘அழகு’, ‘அருமை’, ‘பிரம்மாண்டம்’ போன்ற சொற்களுக்குத் தடை. அடுத்த வாரம் சீட்டை வாங்கியவர் அதை மட்டும் வைத்துக்கொண்டு படமெடுப்பார். எழுதியவர் எதைச் சொல்ல மறந்தாரோ, அதுதான் அவர் பார்க்காமலே எடுத்தது.

*கட்டம்.* ஒரு சதுர கிலோமீட்டரை 200 மீட்டர் பக்கமுள்ள 25 கட்டங்களாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி ஆளுக்கொன்று. இரண்டு மாதம் அந்தக் கட்டத்தைத் தாண்டக் கூடாது. மூன்றாவது வாரத்தில் ‘இங்கே ஒன்றுமில்லை’ என்ற புகார் தவறாமல் வரும். கட்டத்தை மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். அந்தப் புகாருக்குப் பிறகு வரும் படங்களுக்காகத்தான் இந்தப் பயிற்சியே.

நிலைப்புள்ளி: இதில் மட்டும் கறாராக இருங்கள்

ஓராண்டில் குழு செய்யும் வேலைகளில் நிலைத்து நிற்கப்போவது இதுதான். நிலத்துக்குள் மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொரு வருகையிலும் அதே இடத்திலிருந்து அதே ஃப்ரேமை எடுப்பது. எடுப்பவர் முறைவைத்து மாறுவார், படம் மாறக் கூடாது.

இதற்கு ஒரு நல்ல முன்னோடி உண்டு. 1977இல் அமெரிக்காவில் மார்க் கிளெட், எல்லன் மான்செஸ்டர், ஜோஆன் வெர்பர்க் ஆகியோர் தொடங்கிய மறுபடமெடுப்புத் திட்டம், 19ஆம் நூற்றாண்டில் அரசு நில அளவைக் குழுக்களோடு போன படக்காரர்கள் நின்ற அதே இடங்களைத் தேடிப்பிடித்துத் திரும்பவும் படமெடுத்தது. திமோதி ஓசல்லிவன் போன்றவர்களின் படங்களோடு புதியவற்றை வைத்துப் பார்த்தபோது, நிலம் எவ்வளவு மாறியது என்பதோடு, பழைய படக்காரர் எங்கே கேமராவைச் சாய்த்தார், எதை ஃப்ரேமுக்கு வெளியே விட்டார் என்பதும் தெரிந்தது. நிலம் எவ்வளவு, ஆள் எவ்வளவு என்ற அதே பிரிப்புத்தான்.

அதே இடத்தைக் கண்டுபிடிக்க ஜி.பி.எஸ். மட்டும் போதாது. திறந்தவெளியில்கூடக் கைபேசி சில மீட்டர் தவறும். அருகில் ஒரு பாறை இருந்தால் அந்தச் சில மீட்டரில் படமே மாறிவிடும். சரியான வழி, அருகிலுள்ள பொருளையும் தொலைவிலுள்ள பொருளையும் கோர்த்துப் பார்ப்பது. முதல் படத்தை அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேமின் இடப்பக்கத்தில் ஒரு சோடி, வலப்பக்கத்தில் ஒரு சோடி தேர்ந்தெடுங்கள்: பாறை நுனிக்கு நேர் பின்னால் தொலைவிலுள்ள மேட்டின் பள்ளம் என்பதுபோல. இப்போது நிற்குமிடத்தில், பாறை அந்தப் பள்ளத்துக்கு இடப்புறமாக விலகித் தெரிந்தால் நீங்கள் வலப்புறம் அதிகமாகப் போய்விட்டீர்கள், இடப்புறம் நகருங்கள். அருகிலுள்ள பொருள் எந்தப் பக்கம் விலகியதோ அந்தப் பக்கமே நகர வேண்டும் என்று நினைவில் வையுங்கள். இரண்டு சோடியும் ஒரே நேரத்தில் பொருந்தினால் இடம் சரி. உயரத்துக்கும் இதே முறைதான்: பாறையின் தலை தொலைவுக் கோட்டை எங்கே தொடுகிறது என்று பாருங்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: இடம் பொருந்தவில்லை என்றதும் ஜூம் செய்து சரிக்கட்டப் பார்ப்பது. ஜூம் ஃப்ரேமின் அகலத்தை மட்டும்தான் மாற்றும். பொருள்களுக்கு இடையேயான உறவை நிற்குமிடம் தீர்மானிக்கிறது. முதலில் கால், பிறகு லென்ஸ்.

ஒவ்வொரு நிலைப்புள்ளிக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்: எப்படிப் போய்ச் சேருவது, காம்பஸ் திசை டிகிரியில், லென்ஸ் தரையிலிருந்து எத்தனை செ.மீ., குவியத்தூரம், அபெர்ச்சர் (லென்ஸின் ஒளித்துளை அளவு), இரண்டு சோடிகள், ட்ரைபாட் கால்கள் நின்ற இடத்தைக் காட்டும் ஒரு கைபேசிப் படம். பாறையில் பெயின்ட் அடிக்காதீர்கள், ஆணி அறையாதீர்கள். மரத்தைச் சோடியாக எடுத்தால் கிளையை விட்டுவிட்டு அடிமரத்தை எடுங்கள். கிளை ஓராண்டில் வளர்ந்து ஏமாற்றும்.

எந்த நேரத்தில் எடுப்பது? மணிக்கூட்டு நேரத்தை நிலையாக வைத்தால் ஆண்டு முழுவதும் நிழல் சுழலும். உதயத்திலிருந்து 45 நிமிடம் என்று வைத்தால் ஒளியின் சாய்வு ஏறத்தாழ ஒன்றுபோல இருக்கும், திசை மட்டும் நகரும். தரையின் மாற்றத்தைப் பார்க்க விரும்பினால் மப்பு நாளின் நண்பகல் இரண்டையும்விட நல்லது, ஏனென்றால் நிழல் எதையும் மறைக்காது. மூன்று புள்ளிக்கும் மூன்று விதமாக வைத்துக்கொள்ளலாம். ஒன்றைத் தேர்ந்தபின் நடுவில் மாற்றினால் மட்டும் வரிசை உடைந்துவிடும்.

எக்ஸ்போஷரும் ஃபோகஸும், சுருக்கமாக

1932இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன், இமோஜன் கன்னிங்ஹாம் முதலானோர் கூடித் தங்கள் குழுவுக்கு எஃப்/64 என்று பெயர் வைத்தார்கள். பெரிய தட்டுக் கேமராவில் முன்னிருந்து பின்வரை துல்லியம் தரும் சிறிய துளை அது. அந்தப் பெயரைக் கேட்டு இன்றைய சிறு சென்சார் கேமராவில் துளையை முடிந்தவரை மூடுகிறவர்கள் உண்டு. பெரிய நெகட்டிவை அச்சுக்குக் கொஞ்சம்தான் பெரிதாக்க வேண்டும். சிறு சென்சாரின் படத்தைப் பல மடங்கு. அதனால் சிறு துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் (டிஃப்ராக்ஷன்) வரும் மங்கல் இங்கே எஃப்/16ஐத் தாண்டியதுமே தெரியத் தொடங்கும். முழு ஃப்ரேமில் எஃப்/11 போதும். அந்த அபெர்ச்சரில் 24 மி.மீ. லென்ஸை 1.8 மீட்டரிலும், 35 மி.மீ.யை 3.8 மீட்டரிலும், 50 மி.மீ.யை 7.6 மீட்டரிலும் ஃபோகஸ் செய்தால், அதில் பாதித் தூரத்திலிருந்து தொடுவானம் வரை ஏற்கத்தக்க கூர்மை கிடைக்கும். பெரிய அச்சுக்குப் போவதென்றால் இன்னும் கொஞ்சம் தொலைவில் ஃபோகஸ் வையுங்கள். தொடுவானம் மங்கினால் அச்சில் உடனே கண்ணை உறுத்தும்.

ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். இரண்டு நொடி டைமர் வையுங்கள். ட்ரைபாடில் இருக்கும்போது பழைய லென்ஸ்களின் நடுக்கத் தடுப்பை அணைத்துவிடுங்கள், அதுவே நடுக்கத்தை உண்டாக்கும். வானத்தைக் கறுக்கச் செய்யும் போலரைசர் ஃபில்டர் சூரியனுக்கு 90 டிகிரி பக்கவாட்டில்தான் முழுமையாக வேலை செய்யும்; அகல லென்ஸில் வானத்தின் ஒரு துண்டு மட்டும் கறுத்துப்போய்த் திட்டாகத் தெரியும். ஐந்து பேரில் இரண்டு பேர் மட்டும் அதைப் போட்டால் ஒப்பீடும் கெடும். போடுவதானால் எல்லோரும் போடுங்கள், இல்லாவிட்டால் யாரும் வேண்டாம்.

மேசை: படங்களைச் சேர்ந்து பார்ப்பது

மாதம் ஒருமுறை. திரையில் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு கைபேசியின் நிறமும் பிரகாசமும் வேறு, அதோடு ஒரு நேரத்தில் ஒரு படம்தான் தெரியும். ஆளுக்கு ஆறு படம், 10×15 செ.மீ. அளவில், ஒரே வகை மேட் தாளில், ஒரே இடத்தில் அச்சிட்டுக் கொண்டுவாருங்கள். இந்த அளவுக்கு 1800க்கு 1200 பிக்சல் போதும். பெயர் பின்பக்கத்தில் இருக்கட்டும்.

முப்பது படத்தையும் கலைத்து மேசையில் பரப்புங்கள். முதல் ஐந்து நிமிடம் யாரும் பேச வேண்டாம், கைகள் மட்டும் வேலை செய்யட்டும்: ஒத்துப்போகும் படங்களை ஒன்றாக நகர்த்துங்கள். அடுத்து யார் எடுத்தது என்று ஊகியுங்கள். உடனே பிடிபட்ட படங்களை ஒரு பக்கமும், யாராலும் சொல்ல முடியாதவற்றை மறுபக்கமும் வையுங்கள். முதல் குவியல் ஆளைப் பற்றியது, இரண்டாவது நிலத்தைப் பற்றியது. இரண்டும் வேண்டும். முதல் குவியல் மட்டுமே பெருத்தால் எல்லோரும் தங்கள் கைவரிசையைத்தான் காட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாவது மட்டுமே பெருத்தால் எல்லோரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள். இரண்டாவது நோய்தான் ஆபத்து. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது ‘குழுவின் பாணி’ என்று நல்லதாகவே தோன்றும்.

பிறகு படத்துக்கு ஆறு நிமிடம் என்று அன்றைக்கு ஏழெட்டுப் படம் மட்டும். ஒரு நிமிடம் மௌனமாகப் பாருங்கள். இரண்டு நிமிடம் மற்றவர்கள் அதில் இருப்பதைச் சொல்ல வேண்டும், கருத்தை அல்ல: ‘வலது ஓரத்தில் வேலிக்கம்பி பாதியில் வெட்டுப்படுகிறது’, ‘கண் முதலில் தண்ணீருக்குப் போகிறது’. இரண்டு நிமிடம் கேள்வி. எடுத்தவருக்குக் கடைசி ஒரு நிமிடம். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் படத்தை விட்டுவிட்டு அவருடைய விளக்கத்தைத்தான் பார்ப்பார்கள். ‘நல்லாயிருக்கு’, ‘பிடிக்கல’ இரண்டுக்கும் அங்கே இடமில்லை. லென்ஸ் பேச்சுக்கும்தான், அதைத் தேநீர் வேளைக்கு ஒதுக்கிவிடுங்கள்.

எங்கே உடையும்

மூன்றாவது மாதம் சோர்வு வரும். புதுமை தீர்ந்திருக்கும், நிலைப்புள்ளி வரிசையில் இன்னும் ஆறேழு படம்தான் இருக்கும், எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். அப்போது புது இடத்துக்குப் போகலாமே என்று ஒருவர் சொல்வார். அதற்குப் பதில் பொழுதை மாற்றுங்கள். பொழுதுக் குறிப்பில் காலியாகக் கிடக்கும் நான்கு கட்டங்கள் எதற்காக?

ஒருவர் மற்றவர்களைவிடத் தேர்ந்தவராக இருந்தால் மேசையில் எல்லாப் பார்வையும் அவரிடம் போகும். அவரைப் பேச்சின் நேரம் காப்பவராக நியமியுங்கள். வாயை மூட இது நாகரிகமான வழி.

சமூக ஊடகத்தில் அன்றன்றைக்குப் போடுவது வேறொரு சேதம். எந்தப் படத்துக்கு விருப்பக்குறி அதிகம் வந்ததோ, அடுத்த வாரம் அதே போன்ற படத்தை ஐந்து பேரும் தேடுவார்கள். ஆறு மாதம் வெளியே காட்டாமல் வைத்திருக்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் மேசையைத் தாண்டிய படங்கள் மட்டும்.

ஒரே இடத்தை ஐந்து பேர் இருபத்தைந்து முறை மிதித்தால் பாதை உண்டாகும். ஈரமண்ணிலும் பாறைப்பாசியிலும் அது சீக்கிரம் தெரியும். நிலைப்புள்ளிக்கு எடுப்பவர் ஒருவர் மட்டும் போகட்டும். பறவைக் கூடோ அரிய செடியோ இருந்தால், பகிரும் பிரதியிலிருந்து ஜி.பி.எஸ். விவரத்தை நீக்கிவிடுங்கள். மூல ஃபைலில் அது இருக்கட்டும்.

உரிமையைப் பற்றி முதல் மாதமே ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திடுங்கள். தனிப்படம் எடுத்தவருடையது; நிலைப்புள்ளி வரிசை முழுவதும் குழுவுடையது; யாராவது விலகினால் அந்த வரிசையில் அவர் எடுத்தவை அங்கேயே இருக்கும்; விற்பனை என்று வந்தால் எல்லோரிடமும் கேட்க வேண்டும். சண்டை வந்தபின் இதை எழுத முடியாது.

ஆண்டு முடிவில்

ஐந்து பேர், ஆளுக்கு 12 ஃப்ரேம், 28 காலை என்றால் கையில் 1680 படம் இருக்கும். மேசையைத் தாண்டியவை முந்நூறைத் தொடலாம். அதில் 40ஐத் தேர்ந்து ஒரு சுவரில் ஒட்டி, இரண்டு வாரம் விடுங்கள். ஒவ்வொருவரும் தனியாக வந்து, ஒரு தடவைக்கு ஒரே ஒரு படத்தை மட்டும் இடம் மாற்றலாம், அல்லது எடுத்துவிடலாம். தன் படத்தைத் தானே எடுக்கலாம், அடுத்தவர் படத்தை எடுத்தால் காரணத்தை ஒரு சீட்டில் எழுதி அந்த வெற்றிடத்தில் ஒட்ட வேண்டும். பெயர்வாரியாக அடுக்காதீர்கள். பொழுதுவாரியாகவோ, நிலத்தை நடக்கும் வரிசையிலோ அடுக்குங்கள். நிலைப்புள்ளிப் படங்களை அவற்றின் நடுநடுவே சிறிய அளவில் வையுங்கள். சுவரில் இருபதுக்கும் இருபத்தைந்துக்கும் இடையில் மிஞ்சும்.

நிலைப்புள்ளி அட்டைகள் மூன்றையும் பிரதியெடுத்து, நிலத்தின் உரிமையாளரிடம் அல்லது பராமரிப்பவரிடம் ஒரு தொகுப்பு கொடுங்கள். அச்சிட்ட முதல் படத்தை அட்டையோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள். பத்து வருடம் கழித்து அங்கே வருபவர் யாராக இருந்தாலும், பாறை நுனியையும் மேட்டுப் பள்ளத்தையும் கோர்த்துப் பார்க்க அவருக்கு அந்தப் படம் கையில் இருக்க வேண்டும்.